இல்லாத கசிவு

பிப்ரவரி 4

சொந்த விஷயம் எதையும் எழுதுவதில்லை என்றிருந்தேன். பேச ஆள் கிடைக்காததால் எழுதுகிறேன். கழிமேட்டில் எல்லோரும் என்னோடு பேசத்தான் செய்கிறார்கள், ஆனால் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "கல்யாணம் ஆயிடுச்சா மேடம்?" ஆகவில்லை. பெயர் தமயந்தி, வயது முப்பத்தாறு, கணிதத்தில் முனைவர் பட்டம், வாடகைக்கு ஒரு மாடி அறை, அதில் ஒரு மடிக்கணினி, ஒரு கொசுவலை. என்னிடம் வேறு சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஜன்னலைத் திறந்தால் வெண்ணாங்கழி. கடலுக்கும் ஊருக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிற உப்பங்கழி. கடலைத் தொடுகிற வாய் ஒவ்வொரு வருடமும் தை பிறந்ததும் மணல் மூடிவிடும். மாசி மகத்துக்கு மறுநாள் ஊர் கூடி மண்வெட்டியோடு போய் அந்த வாயை வெட்டிவிடுவார்கள், கடல் உள்ளே வரும், இறால் குஞ்சும் கூடவே வரும். இந்த வருடம் வெட்டாமல் அப்படியே கரை போட்டு மூடித் தண்ணீரைத் தேக்கலாமா என்று திட்ட அலுவலகம் யோசிக்கிறது. மூடினால் கழி தாங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை.

மீன் பிடிக்கத் தெரியாத, நீச்சல் தெரியாத ஒருத்தி எப்படி இதைச் சொல்ல முடியும் என்று டீக்கடையில் கேட்டார்கள். முடியும். கழியிலுள்ள ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியாக வரைந்துகொள்வேன். பாசி ஒரு பெட்டி, இறால் ஒன்று, மீன், கொக்கு, சேறு, சேற்றில் வாழும் பாக்டீரியா எல்லாம் ஆளுக்கொன்று. யார் யாரை எவ்வளவு தின்கிறார்கள், யார் செத்து எங்கே போகிறார்கள் என்று பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. அந்த எண்களை ஓர் அணியாக அடுக்கி அதன் நேர்மாறு அணியைக் கண்டுபிடித்தால், உள்ளே வந்த ஒரு துளி உணவு வெளியே போவதற்குமுன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது தெரிந்துவிடும். மொத்த ஓட்டத்தில் எவ்வளவு இப்படித் திரும்பத் திரும்பச் சுற்றுகிறதோ அந்தப் பங்குக்குச் சுழற்சிக் குறியீடு என்று பெயர். அது அதிகமாக இருந்தால் கழி யார் தயவும் இல்லாமல் தானே பிழைத்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

டீக்கடையில் இவ்வளவும் சொன்னேன். "சரி, வடை வேணுமா?" என்றார்கள்.

பிப்ரவரி 9

சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்தது. பக்கத்து வீட்டுக் கொளஞ்சியக்கா இரண்டு வேளையும் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். கணவர் இல்லை. ஒரே மகள் கலா, டவுனில் துணிக்கடையில் வேலை, அங்கேயே விடுதியில் தங்கியிருக்கிறாள். அக்காவுக்குப் பிழைப்பு இறால்தான். வலையும் கிடையாது, படகும் கிடையாது, இரண்டு கையும், பிடித்ததைப் போட ஒரு பறிக்கூடையும்தான்.

இன்று கரையில் உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் குனிந்துவிடுகிறார், தாடை தண்ணீரைத் தொடுகிறது. ஓலைப் பறி தோளுக்குப் பின்னால் மிதக்கிறது, அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்கிறார். இரண்டு கையும் சேற்றுக்குள். இறால் தட்டுப்பட்டதும் பிடித்துத் தலைக்குப் பின்னால் பறிக்குள் போட்டுவிடுகிறார், திரும்பிப் பார்ப்பதே இல்லை. மேலே வந்தபோது, அவ்வளவு நேரம் யாரோடும் பேசாமல் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வாயி எதுக்கு இருக்கு? பறியக் கவ்வத்தான்" என்று சிரித்தார். "நீங்க சொல்லுங்க மேடம். தண்ணியில காலே வைக்காம எறா எவ்ளோ இருக்குன்னு எப்பிடி எண்ணுவீங்க?"

"எண்ண மாட்டேன்க்கா. கணக்குல வரும்."

"அது வந்தா குழம்புக்கு ஆவுமா?"

இந்த ஊரில் எனக்குப் பிடித்த ஆள் இவர்தான்.

பிப்ரவரி 12

ஆய்வுக்குத் தண்ணீர் மாதிரி, சேற்று மாதிரி, பாசி மாதிரி எல்லாம் எடுத்தேன். நாள் முழுக்கப் பாட்டில் கழுவினேன்.

பிப்ரவரி 21

எரிச்சலான நாள். கழியை ஐந்து பகுதியாகப் பிரித்து அணியை அடுக்கி ஓட்டினால் கணினி மஞ்சள் எச்சரிக்கை காட்டுகிறது. அணிக்கோவை பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. காரணம் தெரிந்ததுதான். வாயை மூடிவிட்டால் பெட்டிகளிலிருந்து வெளியே போக வழி மிகக் குறைவு. வழியே இல்லையென்றால் உள்ளே வந்தது சுற்றிக்கொண்டே இருக்கும், நேர்மாறு அணி என்ற ஒன்றே இருக்காது. விடைகள் எல்லாம் பனைமர உயரத்துக்கு வருகின்றன.

மத்தியானம் வரை மல்லுக்கட்டிவிட்டு, எல்லோரும் செய்வதைச் செய்தேன். எங்காவது ஒரு சின்னக் கசிவு இருப்பதாக வைத்துக்கொண்டேன். தெற்கு மூலையில் பழைய மதகு ஷட்டர் ஒன்று இருக்கிறது, பக்கத்தில் கிணறு மாதிரி ஒரு சிமெண்ட் தொட்டி. எந்தக் காலத்திலோ கடல் தண்ணீரை விடவும் அடைக்கவும் கட்டியது. அதன் வழியே கொஞ்சம் கடல் தண்ணீர் உள்ளே வந்து போகிறது என்று ஒரு எண்ணைக் கொடுத்தேன். எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும்.

எச்சரிக்கை போய்விட்டது. குறியீடு நூற்றுக்கு முப்பத்தெட்டு. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். அக்கா கொடுத்த இறால் தொக்கை ஒரு பிடி கூடவே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 25

திட்ட அலுவலகத்து ஜோதிலிங்கம் வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருக்கிறார், எழுத என்னிடம் ஒன்று வாங்கினார். பெட்டி, அம்புக்குறி எல்லாம் விளக்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். "மேடம், இதெல்லாம் நீங்க பார்த்துக்கோங்க. எனக்கு ஒரே வரி வேணும். மூடினா கழி தாங்குமா, தாங்காதா?"

"தாங்கும்" என்றேன். "மூடின பிறகு சுழற்சி கூடுது. கூடினா நல்லது."

"அறிக்கை?"

"ஏப்ரல் கடைசியில தர்றேன்."

"அது மெதுவா வரட்டும். இந்த வார்த்தை போதும்."

இளநீர் வெட்டிக் கொடுத்தார். என்னுடைய கணக்கின் விடையைக் கேட்டு ஒருவர் இவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. பொய் சொல்வானேன், எனக்கும் மகிழ்ச்சிதான்.

மார்ச் 5

நேற்று மாசி மகம். இன்று வாய் வெட்டப் புறப்பட்டவர்களை மணல் மேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். உத்தரவு வந்திருக்கிறது, மீறி வெட்டினால் வழக்கு. பஞ்சாயத்துத் தலைவர் தாளைப் படித்தார். "நிபுணர் கருத்தின்படி" என்ற இடம் வந்ததும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஒருவர் சத்தம் போட்டார். "வருசா வருசம் வெட்டுறது. இந்த வருசம் வெட்டலன்னா எறா எங்கேர்ந்து வரும்? இந்தம்மா வந்து பெத்துப் போடுமா?"

கொளஞ்சியக்கா அவரை ஒரு பிடி பிடித்துவிட்டார். "யோவ், வாயக் கழுவு. நம்ம வீட்டுச் சோத்தத் திங்குது அந்தப் புள்ள. பொய்யா சொல்லும்? படிச்சிட்டு வந்து நாலு எழுத்துச் சொன்னா நம்மாளுக்குப் பொறுக்காதே."

மண்வெட்டிகள் திரும்பிப் போயின. அக்காவுக்கு நன்றி சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், தாங்கும்ல?" என்றார். தாங்கும் என்றேன்.

மார்ச் 11

அதிசயம். விடிந்ததும் ஊரே கரையில் நிற்கிறது. இறால்கள் தாமாகக் கரையோரம் வந்து, புல்லின் மேலும் கல்லின் மேலும் ஏறிக்கொண்டு துள்ளுகின்றன. முழங்காலளவுத் தண்ணீரில்கூட இறங்க வேண்டியதில்லை. அண்டா, குடம், துப்பட்டா என்று கையில் கிடைத்ததில் எல்லாம் அள்ளினார்கள். வெட்டச் சொல்லிச் சண்டை போட்டவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "மேடம் கணக்கு மேடம் கணக்குதான்!"

நண்டுகளும் ஏறி வந்தன. அடிமீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. பிடிக்க எளிதாக இருந்தது.

மத்தியானம் எல்லோர் வீட்டிலும் இறால் வாசனை. எண்களைப் புதிதாக எடுத்து ஓட்டினேன். குறியீடு நாற்பத்தாறு.

மார்ச் 12

இன்றும் இறால்.

மார்ச் 15

இறால் வறுவல், இறால் குழம்பு, இறால் வடை. போதும் போதும் என்றாகிவிட்டது. போன தீபாவளிக்கு வாங்கிய என் வெள்ளி மோதிரம் கருத்துப்போய்விட்டது. நகைக்கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். அக்காவிடம் காட்டினேன். தன் காலை நீட்டி மெட்டியைக் காட்டினார். அதுவும் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. "பல்பொடி போட்டுத் தேச்சேன், ஒரு நாளுதான் வெளுக்குது" என்றார். ஒரே கடையில் வாங்கியிருப்போமோ என்று சிரித்துக்கொண்டோம்.

மார்ச் 19

கலா விடுமுறைக்கு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"என்னக்கா இது, ஊரே அழுகின முட்டையா நாறுது!"

மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்காவும் தெரியவில்லை என்றார். "டவுனு மூக்கு" என்று மகளைக் கிண்டல் செய்தார். போன வாரம் சேற்று நாற்றம் கொஞ்சம் இருந்தது உண்மை. அது போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

கலா தாயிடம் கேட்டாள். "நீ ஏம்மா இப்பிடி எளச்சிப் போயிட்ட? கண்ணு செவந்து கெடக்குது."

"தண்ணியிலயே கெடக்குறேன்ல, செவக்காம?"

குறியீடு ஐம்பத்திரண்டு. இப்படி ஓர் எண்ணை நான் எந்தக் கழிக்கும் பார்த்ததில்லை. கட்டுரையாக எழுதலாம். கொக்குகளை மட்டும் சில நாளாகக் காணோம். பருவம் மாறுகிறது, வடக்கே போயிருக்கும்.

மார்ச் 22

தலைவலி. ஜன்னலைச் சாத்தி வைத்தேன், குறைந்தது. காற்றே இல்லை. கழி எண்ணெய் ஊற்றிவைத்த தட்டு மாதிரி அசையாமல் கிடக்கிறது.

மார்ச் 26

இறால் நின்றுவிட்டது. கரைக்கு வருவதும் நின்றுவிட்டது, சேற்றுக்குள்ளும் இல்லை. அக்கா காலையிலிருந்து தடவி ஒரு கைப்பிடி கொண்டுவந்தார், அதிலும் பாதி செத்தது. சோற்றைக் கொடுத்துவிட்டுப் போகாமல் என் அறையில் உட்கார்ந்துகொண்டார். இதுவரை அப்படி உட்கார்ந்ததில்லை.

"மேடம், ஒண்ணு கேட்டாக் கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளுங்கக்கா."

"எறா எங்க இருக்குன்னு உங்க கணக்குல வருமா?"

வரும் என்று சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. இத்தனை வருடம் நான் போட்ட கணக்கு எதுவும் ஒருவர் குழம்புக்கு உதவியதில்லை. கணினியைத் திறந்தேன். ஐந்து பகுதிகளில் நான்கில் இறால் பெட்டிக்குப் போகும் ஓட்டம் சுருங்கிக் கிடந்தது. தெற்குப் பகுதியில் மட்டும் நன்றாக இருந்தது. புதுத் தண்ணீர் வந்து போகிற இடம் அது ஒன்றுதான்.

"ஷட்டர் பக்கம்க்கா. அந்தத் தொட்டியை ஒட்டி இருக்கும். நல்ல தண்ணி கசிஞ்சு வர்ற இடம், எறால் எல்லாம் அங்கதான் போய் ஒதுங்கியிருக்கும்."

"அங்கயா?" என்று யோசித்தார். "அந்தப் பக்கம் நாங்க போறதே இல்ல மேடம். தொட்டிக்குள்ள எறங்கணும். இரும்புப் படி இருக்கு, ஆனா யாரும் எறங்கி நான் பாத்ததில்ல."

"கணக்குல அப்படித்தான் வருது."

"உங்க கணக்குல வந்தாச் சரிதான்" என்று எழுந்து போனார். போகிற போக்கில், நாளைக்கு மீன் இல்லை, வத்தக்குழம்புதான், பரவாயில்லையா என்று கேட்டார்.

மார்ச் 27, காலை

கட்டுரைக்காக ஒரு வேலையைத் தொடங்கினேன். மொத்தச் சுழற்சியைத் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரித்து அடுக்குவது. பாசியிலிருந்து இறால், இறாலிலிருந்து மீன், மீனிலிருந்து கொக்கு, கொக்கின் எச்சத்திலிருந்து மறுபடியும் பாசி என்று வரும் பெரிய சுற்றுகள்தான் ஒரு கழியின் உயிர். அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். எடுக்க ஒன்றுமில்லை. நூலாக மெலிந்து கிடந்தன. ஐம்பத்திரண்டும் ஒரே ஒரு குட்டிச் சுற்றில்தான் இருக்கிறது. சேறு, பாக்டீரியா, மறுபடி சேறு. சேறு, பாக்டீரியா, மறுபடி சேறு. உள்ளே செத்ததெல்லாம் அங்கே போய் விழுகிறது, அங்கேயே சுற்றுகிறது. குறியீடு ஏறியது கழி செழித்ததால் அல்ல. வெளியே போக வழி இல்லாததால்.

இதை நான் முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும். மொத்த எண்ணைப் பார்த்தேன், உள்ளே என்ன சுற்றுகிறது என்று பார்க்கவில்லை. ஜோதிலிங்கத்திடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தெற்குப் பகுதி மட்டும் ஏன் தப்பித்தது என்று தேடிக்கொண்டு போனேன். ஒரே ஒரு எண்ணில் வந்து நின்றது. ஷட்டர் கசிவு. அது எங்கும் அளந்து வந்த எண் அல்ல, எச்சரிக்கையை நிறுத்த நானே தட்டியது. தட்டியதை மறந்துவிட்டேன்.

அக்கா இந்நேரம் அங்கே போயிருப்பார். வெறும் பறியோடு திரும்பி வந்து ஒரு வாரம் கேலி செய்யப்போகிறார். வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இந்த அட்டவணையை முடித்துவிட்டு அவர் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 29

கொளஞ்சியக்கா இறந்துவிட்டார்.

ஷட்டர் தொட்டிக்குள் கிடந்தார். முந்தாநாள் மத்தியானம் ஆடு மேய்க்கப் போனவர் பறி மிதப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார். தூக்க இறங்கிய ஒருவர் இரண்டாவது படியிலேயே மயங்கிச் சரிந்தார், கயிறு கட்டி இழுத்ததால் பிழைத்தார். சேற்றிலிருந்து கிளம்புகிற விஷவாயு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். திறந்த இடத்தில் நாறும், கண் எரியும், தலைவலிக்கும், வெள்ளி கருக்கும். காற்றுப் போகாத குழியில் சேர்ந்து கிடந்தால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் தெரியாது, இரண்டு மூச்சில் முடிந்துவிடும். தொட்டியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் முழங்கால் அளவுதான். கசிவு எதுவும் இல்லை. சுவர் எலும்பாகக் காய்ந்திருந்தது.

நேற்று அடக்கம் செய்தார்கள்.

மார்ச் 31

அந்தப் பக்கமே போகாதவள் அன்றைக்கு ஏன் போனாள் என்று ஊரில் கேட்டுக்கொள்கிறார்கள். எறா இல்லாத கொடுமை, வேறு என்ன என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்கிறார்கள்.

டீக்கடையில் எனக்குக் காசு வாங்கவில்லை. "அது உங்கள எம்மாம் பாசமா வச்சிருந்துச்சு, நீங்களும் இடிஞ்சுதான் போயிருப்பீங்க" என்றார் கடைக்காரர்.

ஏப்ரல் 2

சாப்பிடப் பிடிக்கவில்லை. பாட்டில்களைக் கழுவி அடுக்கினேன்.

ஏப்ரல் 3

ஜோதிலிங்கத்துக்குப் போன் செய்தேன். நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், வாயை உடனே வெட்டச் சொல்லுங்கள் என்றேன்.

"என்ன மேடம் இது, நம்பர் தப்பா?"

"நம்பர் சரி. அதுக்கு நான் சொன்ன அர்த்தம்தான் தப்பு. கழி செத்துக்கிட்டிருக்கு. அன்னிக்கு எறால் கரையேறினதே தண்ணிக்குள்ள மூச்சு முட்டித்தான். இப்படியே விட்டா இன்னும் ஆள் சாகும். ஒருநாள் பெருங்காத்து அடிச்சுச் சேறு புரண்டுச்சுன்னா மிச்சமிருக்கிற மீன் எல்லாம் ஒரே காலையில மேல வந்துடும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், நான் மேல சொல்லியாச்சு. கரைக்கு வேலை ஆரம்பிக்கப்போறாங்க. இப்ப வந்து நீங்க இப்படிச் சொன்னா உங்களத்தான் கேப்பாங்க. அந்தம்மா செத்தது வேற இருக்கு. அவங்க ஏன் அங்க போனாங்கன்னு கிளறுவாங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன். அறிக்கையில மெதுவா நாலு வரி எழுதிக்கலாம். ஊருக்குப் போய் ஓய்வெடுங்க."

போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸுக்குப் பெட்டியைக் கட்டி வைத்தேன்.

ஏப்ரல் 6

நாளைக் காலை ஊர்க்கூட்டம். வாயை வெட்டுவதா வேண்டாமா என்று பேசப்போகிறார்கள், ஜோதிலிங்கமும் வருகிறாராம். எனக்கு பஸ் காலை ஏழு மணிக்கு. கூட்டம் கூடுவதற்குள் போய்விடலாம் என்றிருந்தேன்.

மத்தியானம் கலா மாடிக்கு வந்தாள். துணிக்கடை வேலையை விட்டுவிட்டாளாம். கருமாதி முடியாமல் இங்கிருந்து போக முடியாது, அத்தனை நாள் விடுப்பு அவர்கள் தரமாட்டார்கள். கையில் சோற்றுத் தூக்கு. உங்களுக்குச் சோறு கொடுப்பதாக அம்மா ஒத்துக்கொண்டது, அதனால் கொண்டுவந்தேன் என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை. அழ எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது.

கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"நாளன்னிக்கு நான் கழியில எறங்கலாம்னு இருக்கேன்க்கா" என்றாள். "சின்னதுல அம்மா கூட எறங்கியிருக்கேன். வேற என்ன செய்யிறது."

"வேண்டாம் கலா."

"அதான் உங்கள்ட்ட கேக்க வந்தேன். எங்க எறங்கலாம்?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "உன் அம்மாவை அந்தத் தொட்டிக்குப் போகச் சொன்னது நான்தான்" என்றேன்.

கலா தூக்கின் மூடியைத் திறந்து, மூடி, கீழே வைத்தாள்.

"தெரியும்க்கா. அன்னிக்கு வெடியக்காலயில எனக்குப் போன் போட்டுச் சொல்லிட்டுத்தான் போச்சு. மேடம் நமக்குன்னு எடம் பாத்துக் குடுத்திருக்காங்க, இன்னிக்குப் பறி ரொம்பிடும்னு. அவ்ளோ சந்தோசம்."

"பிறகு ஏன் நீ யாரிடமும்..."

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு நாளும் பாத்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "போனது போச்சு. இனி எங்க எறங்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? அதச் சொல்லுங்க."

"எங்கேயுமே இறங்கக் கூடாது கலா. வாயை வெட்டிக் கடல் உள்ளே வந்து, அதற்கப்புறமும் கொஞ்ச நாள் யாரும் சேற்றில் கை வைக்கக் கூடாது."

"எங்கயுமேவா?"

"எங்கேயுமே."

"அப்ப அத எங்கிட்ட ரூமுக்குள்ள வச்சுச் சொல்லாதீங்க" என்று எழுந்தாள். "நாளைக்கு ஊரு கூடும். அங்க வந்து சொல்லுங்க."

ஏப்ரல் 7

பஸ் ஏழு மணிக்கு வந்து, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் கீழே இறங்கிக் கூட்டத்துக்குப் போனேன்.

பள்ளிக்கூடத்துத் திடலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். காற்று இல்லை. இப்போது எனக்கே நாறியது. ஜோதிலிங்கம் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நல்லவேளை, மேடமே வந்துட்டாங்க. மூடினா கழி தாங்கும்னு கணக்குப் போட்டவங்க இவங்கதான். சந்தேகம் இருக்கிறவங்க நேர்ல கேட்டுக்கலாம்" என்றார். தலைவர் எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை.

ஆயிரம் பேர் இருந்த அரங்குகளில் பேசியிருக்கிறேன். இங்கே நூறு பேர்கூட இல்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன்.

தாங்கும் என்று நான் சொன்னது தவறு என்றேன். கழி செத்துக்கொண்டிருக்கிறது, வாயை வெட்ட வேண்டும், அலுவலகத்துக்கும் இன்றே எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். ஜோதிலிங்கம் எழுந்து என் பக்கம் வந்து, "மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கையைப் பிடித்தார். கையை உருவிக்கொண்டேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். ஷட்டர் தொட்டியில் தண்ணீர் கசிகிறது, அங்கே இறால் இருக்கும் என்று கொளஞ்சியக்காவிடம் சொன்னது நான், அந்தக் கசிவு எங்கும் இல்லை, என் கணக்கு நிற்பதற்காக நானே போட்டுக்கொண்டது. அங்கே எதுவும் கசியவில்லை என்பது அன்று காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் எழுந்து போகாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

யாரும் திட்டவில்லை. முன் வரிசையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்னால் இருந்தவர்கள் என்ன சொல்கிறாள் என்று பக்கத்தில் கேட்டார்கள். என் குரல் அவ்வளவுதான் எழும்பியிருக்கிறது.

பெண்கள் பக்கத்திலிருந்து கலா எழுந்து நின்றாள்.

"கடைசியில இருக்குறவங்களுக்குக் கேக்கல" என்றாள். "இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன்.